பாதுகாப்புப் போட்டிக்கு ஒரு பழைய கோர் 2 டுயோ: ஓபன்பிஎஸ்டி போட்ட அனுபவம்

போட்டி முடிந்து பத்து நாள் ஆகிறது. எட்டு அணிகளில் மூன்றாவதாக வந்தோம். பாதுகாப்புக்குப் பெயர் போன ஓபன்பிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டிருந்தோம். நான்கு மணி நேரமும் எங்கள் மெஷினில் யாராலும் ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) ஆக முடியவில்லை. ஆனால் அதே நான்கு மணி நேரத்தில் 36 நிமிடம் எங்கள் சர்வீஸை நாங்களே அடைத்து வைத்திருந்தோம். எது ஏன் நடந்தது என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்த வருஷம் போகும் ஜூனியர்களுக்கு உதவும்.

போட்டி இப்படி. ஒவ்வொரு அணிக்கும் லேபில் ஓரங்கட்டி வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுவார்கள். அதில் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் போட்டுக்கொள்ளலாம். மூன்று சர்வீஸ் ஓட வேண்டும்: அவர்கள் தரும், பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு விருந்தினர் புத்தக வெப் பக்கம், தொலைவிலிருந்து நுழைய எஸ்.எஸ்.எச்., ஃபைல் அனுப்ப எஃப்.டி.பி. நிமிடத்துக்கு ஒரு முறை செக்கர் என்ற ஏற்பாட்டாளர்களின் நிரல் வந்து மூன்றையும் தொட்டுப் பார்க்கும். ஓடினால் புள்ளி, ஓடாவிட்டால் இல்லை. மற்ற அணிகள் உள்ளே புகுந்து டேட்டாபேஸில் இருக்கும் ஃப்ளாக் என்ற ரகசிய எழுத்து வரிசையை எடுத்தால் நமக்குக் கழியும். பிஎச்பி கோடில் ஓட்டைகள் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். போட்டி தொடங்கிய பிறகுதான் அதைத் திருத்த அனுமதி.

எங்களுக்கு வந்த மெஷின் கோர் 2 டுயோ ஈ7500, ஜி31 மதர்போர்டு, 2 ஜி.பி. டிடிஆர்2 ரேம், முனகிக்கொண்டே சுழலும் ஒரு ஹார்டு டிஸ்க். ரிச்சி தெருவுக்குப் போய் 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,150 ரூபாய்க்கும், பழைய 2 ஜி.பி. ரேம் ஒன்று 350 ரூபாய்க்கும் வாங்கினோம். இந்த போர்டு 4 ஜி.பி.க்கு மேல் ஏறாது. பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டதில் சும்மா இருக்கும்போது 71 டிகிரி காட்டியது 48-க்கு இறங்கியது. பேஸ்ட் 120 ரூபாய்.

அடுத்தது எந்த சிஸ்டம் போடுவது என்ற பேச்சு. அணியில் ஒருவன் காளி லினக்ஸ் என்றான். பாதுகாப்பு என்றதும் பலருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது சோதனை செய்கிறவருக்கான கருவிப்பெட்டி. அதன் ஆவணங்களே அப்படித்தான் சொல்கின்றன. நான்கு மணி நேரம் அடி வாங்கப் போகும் சர்வருக்கு அத்தனை கருவிகள் எதற்கு? அது முதல் நாளே கழிந்தது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனி மெய்நிகர் கம்ப்யூட்டரில் அடைத்து வைக்கும் க்யூப்ஸ் எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் குறைந்தது 6 ஜி.பி. ரேம் கேட்கிறது. மெய்நிகர் கம்ப்யூட்டர்களின் நினைவகத்தைக் கையாளும் ஈ.பி.டி. வசதியும் பிராசஸரில் வேண்டும், அது கோர் 2 தலைமுறையில் கிடையாது. தவிர அது மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கானது, சர்வருக்கானது அல்ல.

எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் செலினக்ஸ் இருக்கிறதே என்று ராக்கி லினக்ஸ் 9 எடுத்தோம். இதில் இரண்டு மாலை போனது. பெண்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, சில வரிகள் ஓடுகின்றன, அப்புறம் கெர்னல் பானிக், சிஸ்டமே நின்றுவிடுகிறது. பெண்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து 320 ரூபாய்க்குப் புதியது வாங்கி மறுபடி எழுதினோம். அதே கதை. மூன்றாம் முறை போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, பானிக்குக்கு முந்தைய வரியைப் படித்தோம். இந்த சிபியு எக்ஸ்86-64-வி2 என்ற வசதி மட்டத்தைத் தராது என்று லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரெட் ஹாட் 9 குடும்பம் முழுவதற்கும் அந்த மட்டம் வேண்டும். அதற்கு எஸ்எஸ்ஈ 4.2 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பு வேண்டும். ஈ7500-இல் 4.1 வரைதான் உண்டு. பதிப்பு 8 ஓடியிருக்கும். ஆனால் எங்கள் நால்வரில் யாருக்கும் செலினக்ஸ் பழக்கமில்லை. ஏதாவது ஓடவில்லை என்றால் முதலில் அதைத்தான் அணைத்திருப்போம் என்று பேசி, அந்த வழியையே விட்டோம். பழைய மெஷின் கையில் இருந்தால் டவுன்லோடுக்கு முன்னால் பிராசஸரின் வசதிப் பட்டியலைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது டெபியன் 12. டெஸ்க்டாப் இல்லாமல் போட்டோம், அரை மணி நேரத்தில் எல்லாம் ஓடியது. ஒரு வாரம் அதில்தான் இருந்தோம். இணையத்தில் கிடைத்த 'இறுக்கும்' பட்டியல்களிலிருந்து 60 வரிக்கு மேல் கெர்னல் செட்டிங்குகளை எடுத்துப் போட்டிருந்தோம். லேப் அண்ணா ஒரு நாள் வந்து பார்த்தார்.

"இதுல ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு சொல்லுப்பா."

பத்து வரி வரை சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை. அவர் வேறெதுவும் சொல்லவில்லை, போய்விட்டார். அன்று இரவு நான்கு பேரும் உட்கார்ந்து எங்களுக்கே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: கன்ஃபிக் ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் எங்களில் ஒருவராவது வாய்விட்டு விளக்க வேண்டும், முடியாத வரி வெளியே. டெபியன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதைக் கெடுத்து வைத்திருந்தது நாங்கள் ஒட்டிய வரிகள்தான்.

அந்த நிபந்தனைதான் ஓபன்பிஎஸ்டி பக்கம் இழுத்தது. இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம், எஸ்.எஸ்.எச். சர்வீஸைத் தரும் நிரலான ஓபன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தது. ஜிலிப்சி உள்ள லினக்ஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் வரை போகக்கூடிய ஓட்டை. ஓபன்பிஎஸ்டி அதில் சிக்கவில்லை. சிக்னல் (நிரலை நடுவில் குறுக்கிடும் தகவல்) வரும் நேரத்தில் லாக் எழுதுவது ஆபத்து என்று அவர்கள் 2001-லேயே அதற்கென்று தனியான, பத்திரமான ஒரு வழியைச் செய்து வைத்திருந்தார்கள். இருபத்து மூன்று வருஷம் முன்னால் யாரோ ஒருவர் ஒழுங்காகச் செய்த வேலை அன்றைக்குக் காப்பாற்றியிருக்கிறது. அதைப் படித்த இரவில் முடிவாகிவிட்டது.

போட்டது 2024 அக்டோபரில் வந்த 7.6. எக்ஸ் என்ற வரைகலைத் திரை சம்பந்தப்பட்டவற்றையும் விளையாட்டுகளையும் நீக்கிவிட்டு நிறுவியதில் 11 நிமிடம் ஆனது. ரூட்டுக்கு எஸ்.எஸ்.எச். வேண்டுமா என்று இன்ஸ்டாலரே கேட்கிறது. எதுவும் தட்டாமல் என்டர் அடித்தால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறது. டிஸ்கையும் அதுவே பத்துக்கு நெருக்கமான துண்டுகளாகப் பிரித்து, டெம்ப், ஹோம் போன்ற இடங்களில் செட்யூஐடி (நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓட்டும் வசதி) வேலை செய்யாதபடி மவுன்ட் செய்கிறது. பூட் ஆனதும் எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்த்தோம். வெளியே தெரிந்தது 22 மட்டும். உள்ளுக்குள் 127.0.0.1-இல் 25, அது மெயிலுக்கு. வேறெதுவும் இல்லை. அந்தத் திரையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் தடங்கல் பேக்கேஜ் போடும்போது. சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிடிவாதம். மதர்போர்டு பேட்டரி செத்துப்போய் மெஷின் வருஷக்கணக்கில் பின்னால் இருந்திருக்கிறது. பூட்டில் தேதியைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு எச்சரிக்கை வரத்தான் செய்தது, நாங்கள் பொருட்படுத்தவில்லை. சிஆர்2032 பேட்டரி 40 ரூபாய். போட்டதும் தீர்ந்தது.

அடுத்தது பிஎச்பி. இங்கேதான் உண்மையான படிப்பு. ஓபன்பிஎஸ்டியோடு வரும் வெப் சர்வரும், பேக்கேஜாகப் போடும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் சி-ரூட்டுக்குள் ஓடுகின்றன. அதாவது வெப் ஃபோல்டர்தான் அவற்றுக்கு முழு டிஸ்க், அதற்கு வெளியே இருப்பது அவற்றின் கண்ணுக்கே தெரியாது. விருந்தினர் புத்தகத்தை ஏற்றியதும் மைஎஸ்க்யூஎல் வசதியே இல்லை என்றது. அது தனி பேக்கேஜ். போட்ட பிறகும் மாதிரி ஃபோல்டரிலிருந்து அசல் ஃபோல்டருக்கு ஒரு லிங்க் கொடுத்தால்தான் உயிர் வரும். கொடுத்தோம். இப்போது 2002 என்ற எண்ணோடு 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற பிழை. டேட்டாபேஸ் சர்வரான மரியாடிபி ஓடுகிறது, கையால் நுழைந்தால் நுழைகிறது, பிஎச்பியிலிருந்து மட்டும் முடியவில்லை. இரண்டு மணி நேரம் மரியாடிபியைப் பிரித்து மேய்ந்தோம். பிழை அங்கே இல்லவே இல்லை. கோடில் ஹோஸ்ட் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தால் பிஎச்பி நெட்வொர்க் வழியாகப் போகாமல் சாக்கெட் ஃபைலைத் தேடும். அந்த ஃபைல் சி-ரூட்டுக்கு வெளியே இருக்கிறது. அந்த ஒரு சொல்லை 127.0.0.1 என்று மாற்றியதும் பக்கம் திறந்தது. ஹோஸ்ட் பெயரை மாற்றிக்கொள்ள விதியில் இடம் இருந்தது.

ஃபயர்வாலுக்கு பி.எஃப். எல்லாவற்றையும் மூடு, 21 (எஃப்.டி.பி.), 22 (எஸ்.எஸ்.எச்.), 80 (வெப்) திற, பிங்குக்குப் பதில் சொல். எங்கள் முதல் ஃபைல் ஒன்பது வரி, நால்வரும் மனப்பாடமாகச் சொல்லுவோம். ஒத்திகையில் எஃப்.டி.பி. மட்டும் உள்ளே விட்டது, ஃபைல் பட்டியல் கேட்டால் அப்படியே தொங்கியது. பாசிவ் முறையில் டேட்டா வேறு போர்ட்டில் போகும். இங்கே 49152-க்கு மேல் ஏதாவது ஒன்றில். அந்த எல்லைக்கும் ஒரு வரி சேர்த்தோம். பத்து வரி ஆயிற்று. வேறெந்த சர்வீஸும் அந்த எண்களில் கேட்கவில்லை என்று சரிபார்த்த பிறகே சேர்த்தோம்.

மெயில் சர்வீஸைத் தேவையில்லை என்று நிறுத்தியிருந்தோம். அதுவும் தப்பு. எந்த ஃபைல் மாறியது, எந்த அனுமதி மாறியது என்று சிஸ்டம் தினமும் ரூட்டுக்கு ஒரு மெயில் போடும். மெயிலை நிறுத்தியதால் அந்த அறிக்கை வரவே இல்லை. உள்ளுக்குள் மட்டும் கேட்கும் சர்வீஸ்தானே என்று திரும்ப ஓடவிட்டோம்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் பதினொன்றாவது வரியைச் சேர்த்தோம். ஒரே முகவரியிலிருந்து 30 விநாடியில் ஐந்துக்கு மேல் எஸ்.எஸ்.எச். இணைப்பு வந்தால் அந்த முகவரியை ஒரு டேபிளில் போடு, அதன் இணைப்புகள் அத்தனையையும் வெட்டு, அப்புறம் எதற்கும் அனுமதிக்காதே. நல்ல விதி, நான் விளக்கவும் செய்தேன். ஒரே சுவிட்சில் இரண்டு லேப்டாப்பை மாட்டி, ஒன்றிலிருந்து பாஸ்வேர்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் ஹைட்ராவை ஓடவிட்டு, இன்னொன்றிலிருந்து செக்கர் மாதிரி தொட்டுப் பார்த்தோம். ஹைட்ரா ஓடிய லேப்டாப் பூட்டப்பட்டது, மற்றது தடையில்லாமல் ஓடியது. மூன்று முறை செய்து பார்த்துத் திருப்தியானோம்.

போட்டி நாள். முதல் நாற்பது நிமிடம் எல்லாம் பச்சை. 41-ஆம் நிமிடம் மூன்று சர்வீஸும் ஒன்றாகச் சிவப்பு. மெஷின் நன்றாக இருக்கிறது, எங்கள் கீபோர்டில் எல்லாம் வேலை செய்கிறது. கேபிளை மாற்றினோம், வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். பிஎச்பி பார்த்துக்கொண்டிருந்த தோழிதான் விதித்தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: எல்லா அணிகளின் போக்குவரத்தும் செக்கரும் ஒரே கேட்வே வழியாகவே வரும்.

அதாவது எங்கள் மெஷினுக்கு உலகம் முழுவதும் ஒரே ஐ.பி. யாரோ ஓர் அணி ஹைட்ராவைத் தட்டியிருக்கிறது, பி.எஃப். கேட்வேயைப் பூட்டிவிட்டது, செக்கரையும் சேர்த்து. எதிரியை முகவரி பார்த்துப் பிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வகைப் போட்டிகளில் அப்படி வைக்கிறார்கள். அந்த வரியை நாங்கள் நால்வரும் முன்பே படித்திருந்தோம். பதினொன்றாவது வரியோடு சேர்த்து யோசிக்கவில்லை. டேபிளைக் காலி செய்து, வரியை எடுத்து, விதிகளைத் திரும்ப ஏற்றியபோது 19 நிமிடம் போயிருந்தது.

வெப்பும் எஃப்.டி.பி.யும் பச்சைக்கு வந்தன. எஸ்.எஸ்.எச். மட்டும் ஒரு நிமிடம் பச்சை, மூன்று நிமிடம் சிவப்பு. இன்னும் 17 நிமிடம் இதில் போனது. லாகில் கேட்வே முகவரி போட்டு, 'தண்டனை: தோல்வியடைந்த உள்நுழைவு' என்ற பொருளில் வரிசையாக வரிகள். ஓபன்எஸ்எஸ்எச் 9.8 முதல் இது இயல்பாகவே வருகிறது. ஒரு முகவரியிலிருந்து பாஸ்வேர்டு தப்பாக வந்தால் தோற்ற இணைப்பு ஒன்றுக்கு 5 விநாடி வீதம் சேர்த்து, 15 விநாடி ஆனதும் அந்த முகவரியை மறுக்கத் தொடங்கும். பத்து நிமிடம் வரை நீளும். எந்த ஓட்டையைப் படித்து இந்த சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தோமோ, அதை அடைத்து வந்த அதே 9.8 பதிப்பில் வந்த வசதி இது. வீட்டு சர்வரில் நிச்சயம் வைத்துக்கொள்வேன். இங்கே எல்லாரும் ஒரே முகவரி, அதனால் ஆகாது. டெபியன் 12-இல் இருப்பது 9.2, அங்கே இது நடந்திருக்காது. அணைத்தோம். பாஸ்வேர்டு நுழைவு ஏற்கெனவே செக்கர் கணக்குக்கு மட்டும்தான் திறந்திருந்தது. அதன் பாஸ்வேர்டும் ஏற்பாட்டாளர்கள் தந்த 12 எழுத்துக் கலவை. ஹைட்ரா தட்டட்டும் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் மணி நேரத்தில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். விருந்தினர் புத்தகத்தில் படம் ஏற்றும் வசதி உண்டு, படம்தானா என்று அது பார்ப்பதில்லை. ஓர் அணி படத்துக்குப் பதில், வெளியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் பிஎச்பி ஷெல் ஒன்றை ஏற்றிவிட்டது. இதை எதிர்பார்த்து, அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடக் கூடாது என்று வெப் சர்வரில் நான்கு வரி முன்பே போட்டிருந்தோம். ஆனாலும் ஷெல் ஓடியது. இந்த வெப் சர்வர் முதலில் பொருந்தும் விதியைத்தான் எடுக்கும், பின்னால் வருவதைப் பார்க்காது. எங்கள் நான்கு வரி, எல்லா பிஎச்பி ஃபைலையும் ஓட்டு என்ற விதிக்குக் கீழே இருந்தது. பி.எஃப். ஃபைலில் பொதுவாகக் கடைசியாகப் பொருந்துவதே ஜெயிக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கீழே எழுதிவிட்டோம்.

ஷெல் வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று லாகில் வரிசையாகத் தெரிந்தது. யார் நான், என்ன சிஸ்டம், என்னென்ன ஃபைல் என்று கட்டளை மேல் கட்டளை. ஒன்றுக்கும் விடை போகவில்லை. பிஎச்பி வெளிக் கட்டளையை ஓட்ட ஷெல் நிரலைத் தேடும். சி-ரூட்டுக்குள் அந்த நிரலே கிடையாது. ஆறு நிமிடம் முயன்று பார்த்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவருக்குப் பிடிபட்டிருக்கிறது. வெளிக் கட்டளையை விட்டுவிட்டு, பிஎச்பியின் சொந்த வசதியாலேயே கன்ஃபிக் ஃபைலைப் படித்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எடுத்து, பிஎச்பியிலிருந்தே டேட்டாபேஸுக்குப் போய் ஃப்ளாக்கை வாங்கினார்கள். திறமையான வேலை. போட்டி முடிந்து அவர்களிடம் போய்க் கைகொடுத்தேன். நான்கு வரியை மேலே தூக்கி வைப்பதற்குள் மூன்று ஃப்ளாக் போயிருந்தது. ஆனால் போனது அவ்வளவுதான். அதே ஷெல் ஏறிய பக்கத்து அணியில் ரூட் வரை போய் மெஷினையே நிறுத்திவிட்டார்கள்.

பிஎச்பி கோடில் இருந்த, டேட்டாபேஸுக்குள் கட்டளையைத் திணிக்க விடும் எஸ்க்யூஎல் ஓட்டையைத் தோழி பதினைந்து நிமிடத்தில் அடைத்தாள். அதற்கு எந்த சிஸ்டமும் உதவாது, கோடைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

செலவு: எஸ்.எஸ்.டி. 1,150, ரேம் 350, பெண்டிரைவ் 320, பேஸ்ட் 120, மூன்று மீட்டர் நெட்வொர்க் கேபிள் 90, பேட்டரி 40. மொத்தம் 2,070 ரூபாய், ஆளுக்கு 520 வாக்கில். பெண்டிரைவ் வீண் செலவு. அதை ராக்கி கணக்கில் எழுதியிருக்கிறேன். மாலை நேரம் மட்டும் எண்ணினால் 19 நாள். அதில் சிஸ்டம் தேர்ந்தெடுக்கவே 12.

அடுத்த முறை ஓபன்பிஎஸ்டியையே போடுவேன், ஆனால் தேர்வுக்கு மூன்று நாளுக்கு மேல் கொடுக்க மாட்டேன். மிச்ச நாட்களில் ஒத்திகை, அதுவும் நடுவில் ஒரு பழைய ரவுட்டரை கேட்வேயாக வைத்து, எல்லாப் போக்குவரத்தும் ஒரே முகவரியில் வருமாறு. ரவுட்டர் என் வீட்டுப் பரணில் சும்மாதான் கிடந்தது. டேட்டாபேஸில் விருந்தினர் புத்தகத்துக்கு ஒரே கணக்கு வைத்திருந்தோம், அதுவும் எல்லா டேபிளையும் படிக்கும் கணக்கு. பக்கத்துக்குத் தேவையான டேபிளை மட்டும் படிக்கிற கணக்காக இருந்திருந்தால் அந்த மூன்று ஃப்ளாக்கில் இரண்டு மிஞ்சியிருக்கும். விதித்தாளை உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எங்கள் கன்ஃபிக்கில் எந்த வரியைத் தொடுகிறது என்று எழுதுவோம்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லேப் அண்ணா மூலையில் ஒரு பிளக் பாயின்ட் ஒதுக்கித் தந்திருக்கிறார். ஃபயர்வால் ஃபைல் இப்போது மறுபடி பத்து வரி. பிரின்ட் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம்.